மாவு கொண்டுவரும் பக்கத்து வீடு

மொராக்கோ சமையல் என்று தேடினால் வருகிற குறிப்புகளில் பாதிக்கு மேல் ராஸ் அல்-ஹானூத்தில்தான் தொடங்குகின்றன. இருபது முப்பது மசாலாப் பொருட்களை இடித்துக் கலந்த பொடி அது. அதில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டால் எதுவும் மொராக்கோ உணவாகிவிடும் என்கிற மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. அந்தப் பொடிக்கு மொராக்கோ வீடுகளில் ஓர் இடம் இருக்கிறது. பக்ரீத் முடிந்த நாட்களில் ஆட்டுக்கறியோடு உலர்திராட்சையும் பாதாமும் தேனும் சேர்த்து வைக்கும் ம்ரூஸியாவை அது இல்லாமல் செய்யமாட்டார்கள். தினமும் அடுப்பில் ஏறுவது வேறு. சீரகம், காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், மிளகு, சுக்குத்தூள், மஞ்சள்தூள், கொஞ்சம் பட்டை, கை நிறையக் கொத்தமல்லித்தழையும் பார்ஸ்லியும். விருந்து என்றால் தாலியூவின் என்ற ஊர்ப்பக்கம் விளையும் குங்குமப்பூ நாலு இழை. இவ்வளவுதான். இந்தச் சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு தெருவின் இந்தப்பக்க முஸ்லிம் வீட்டிலும் அந்தப்பக்க யூத வீட்டிலும் எப்படி இரண்டு விதமாகச் சமைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கெஃப்தா. கொத்துக்கறி உருண்டைதான். மாடோ ஆடோ, கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும், கொழுப்பில்லாத கறி கேட்டு வாங்கினால் உருண்டை ரப்பராகிவிடும். அரைக்கிலோ கறிக்கு ஒரு பெரிய வெங்காயத்தைத் துருவி, தண்ணீரைப் பிழிந்துவிட்டுச் சேர்க்கவேண்டும். நறுக்கிப் போட்டால் துண்டு துண்டாக நின்று உருண்டை பிளக்கும். கொத்தமல்லியும் பார்ஸ்லியும் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி, சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, சிவப்பு மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகு அரை, பட்டைத்தூள் கால், உப்பு. முட்டை வேண்டாம், ரொட்டித்தூள் வேண்டாம். நன்றாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக்கொள்ளவேண்டும். இந்தச் சின்ன அளவு முக்கியம், ஒரு துண்டு ரொட்டிக்குள் ஒன்றிரண்டு அடங்கவேண்டும்.

இதைக் கம்பியில் குத்திக் கரியில் சுடுவதும் உண்டு, ஆனால் வீட்டில் செய்வது பெரும்பாலும் தக்காளியில்தான். தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேய்த்தால் சதை கீழே விழும், தோல் கையில் நிற்கும். கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கும் வேலையெல்லாம் தேவையில்லை. ஆலிவ் எண்ணெயில் பூண்டு, துருவிய தக்காளி, சீரகம், மிளகாய்த்தூள், தழை, உப்பு எல்லாம் போட்டு எண்ணெய் பிரியும்வரை சுண்டவிட்டு, உருண்டைகளைப் பச்சையாகவே அதில் இறக்கவேண்டும். முன்னால் பொரிக்கக் கூடாது; பொரித்தால் மேலே ஒரு ஓடு கட்டிக்கொள்ளும், கறியின் சாறு குழம்புக்கு வராது, குழம்பின் புளிப்பு கறிக்குள் போகாது. மூடிவைத்து இருபது நிமிடம். கடைசியில் நாலைந்து முட்டையை மேலே உடைத்து ஊற்றி, வெள்ளை கட்டி மஞ்சள் தளதளவென்று இருக்கும்போது அடுப்பை அணைத்து, பாத்திரத்தோடு நடுவில் வைத்து, எல்லாரும் அவரவர் பக்கத்திலிருந்து ரொட்டியால் வழித்துச் சாப்பிடவேண்டும். தாஜீன் எனப்படும் கூம்புமூடி மண்பாத்திரம் இருந்தால் நல்லது, ஆவி மூடியில் மோதி மறுபடி உள்ளேயே இறங்கும். ஆனால் அது கரிச்சட்டியின் மெதுவான சூட்டுக்கென்று பிறந்த பாத்திரம், கேஸ் அடுப்பில் நேராக வைத்தால் விரிசல் விடும். அகலமான கனத்த வாணலியும் மூடியும் போதும், தாராளமாகப் போதும்.

அந்தக் கால் தேக்கரண்டிப் பட்டையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1304இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த பயணி இப்னு பதூதா 1344இல் புத்தளம் கரையில் இறங்கியபோது, ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த பட்டைமரக் கட்டைகள் கடற்கரை முழுக்கக் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். மலபார்க்காரர்களும் மாபார்க்காரர்களும், மாபார் என்றால் நம் சோழமண்டலக் கரை, விலை எதுவும் கொடுக்காமல் அவற்றை ஏற்றிப்போகிறார்கள், பதிலுக்கு அரசருக்குத் துணிமணி தருகிறார்கள் என்று அவர் பயணக்குறிப்பு சொல்கிறது. அந்த அரசர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. இப்படிக் கரையில் கிடந்த சரக்கு கைமாறிக் கைமாறி இப்னு பதூதாவின் ஊர்ச் சமையலறைவரை போயிருக்கிறது. கெஃப்தாவில் பட்டை போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் இருப்பது மாண்ட்ரியலில். இங்கே கோட்-டெ-நேஜ் பக்கம் தமிழ்க் கடைகளும் மொராக்கோக் கடைகளும் கிட்டக்கிட்ட இருக்கும். கெஃப்தாவை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காஸாபிளாங்காவிலிருந்து வந்த ஒரு ஹலால் கறிக்கடைக்காரரின் மனைவி. மற்றதெல்லாம் எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் இருக்கும் வயதான அம்மாவிடமிருந்து. மெக்னெஸில் பிறந்த யூதர், பிரெஞ்சு பேசுவார், இடையிடையே அரபி வரும். நான் அவரை மதாம் என்பேன், அவர் என்னை மா ஃபீய், மகளே என்பார். அவர் செய்யும் உருண்டையை முதல்முறை சாப்பிட்டபோது, கறிக்கடை அக்கா செய்வதன் தங்கை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் எங்கெங்கோ வேறாக இருந்தது.

எங்கே வேறு என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யூத வீட்டில் கறியைச் சமைக்கும் முன் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒருமணி நேரம் கல்லுப்பில் புரட்டிவைத்து, அலசவேண்டும். ரத்தம் போகவேண்டும் என்பது சட்டம். இப்போது யூத உணவுச் சட்டப்படி விற்கும் கோஷர் கடையே இதைச் செய்து தருகிறது, மதாமின் அம்மா காலத்தில் வீட்டில்தான். இதனால் கறியில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும், பிசையும்போது உப்பு கிட்டத்தட்டப் போடவே மாட்டார். கறி கொஞ்சம் வறண்டும் போகும், அதை ஈடுகட்ட ஊறவைத்துப் பிழிந்த ரொட்டியும் ஒரு முட்டையும் சேர்ப்பார். உருண்டை பஞ்சாக வரும். தக்காளியை விடப் பச்சைப்பட்டாணியிலோ செலரித் தண்டிலோதான் அதிகம் வேகவைப்பார், மஞ்சள்தூள், ஜாதிக்காய், கடைசியில் எலுமிச்சை. அப்புறம் வெண்ணெய். முஸ்லிம் வீடுகளில் ஸ்மென் என்று உப்பிட்டு மாதக்கணக்கில் பழக்கிய வெண்ணெய் உண்டு, மூக்கைத் துளைக்கும் வாசனை, ஆவியில் வேகவைத்த ரவையான கூஸ்கூஸிலும் ஹரீரா சூப்பிலும் ஒரு சிட்டிகை போட்டால் ருசியே மாறிவிடும். யூத வீட்டில் கறியும் பாலும் சேரக்கூடாது. ஆகவே கறி இருக்கும் சட்டியில் ஸ்மென் கிடையாது, எண்ணெய் மட்டும். ஒரே சந்தையில் ஒரே காய்கறிக்காரரிடம் வாங்கி, ஒரே மாதிரி அரிந்து, ஒரே மசாலா போட்ட இரண்டு கூஸ்கூஸ்கள் இந்த ஒரு கொழுப்பால் வேறு வேறு வீட்டுச் சமையல் ஆகிவிடுகின்றன. மசாலாப் பட்டியலைப் படித்து இதை யாரும் கண்டுபிடிக்கமுடியாது.

கொழுப்பைவிடப் பெரிய வித்தியாசம் நேரம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. ஆனால் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிடவேண்டும், அதுவும் ஓய்வுநாளின் மகிழ்ச்சியில் சேர்த்தி. இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் தஃபினா. ஸ்கீனா என்றும் சொல்வார்கள். ஒரு பெரிய பானையின் அடியில் ஊறவைத்த கொண்டைக்கடலை, மேலே எலும்போடு மாட்டுக்கறி, முழு உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஓட்டோடு முட்டைகள், இரண்டு பேரீச்சம்பழம். ஒரு துணிப்பையில் முழு கோதுமையைப் பூண்டும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் போட்டுக் கட்டி வைப்பார்கள், இன்னொரு பையில் அரிசி. பைக்குள் விரிவதற்கு இடம் விடவேண்டும். மூழ்கத் தண்ணீர் ஊற்றி, வெள்ளி பிற்பகலே தெருவிலுள்ள ஃபெரான் எனப்படும் பொது அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பகலெல்லாம் தெருவுக்கே ரொட்டி சுட்ட விறகு அடுப்பு அது. ராத்திரி முழுக்க அடங்கிய சூட்டில் எல்லா வீட்டுப் பானைகளும் வரிசையாக உள்ளே இருக்கும். மறுநாள் தொழுகை முடிந்து வரும்போது அவரவர் பானை வீட்டுக்கு வரும். முட்டை ஓட்டுக்குள்ளேயே காப்பி நிறத்துக்கு வந்திருக்கும், பருப்புச் சுவை மாதிரி ஒன்று அதில் ஏறியிருக்கும். கிழங்கின் வெளிப்பக்கம் பழுப்பாகி, கோதுமை ஒவ்வொன்றும் கொழுப்பைக் குடித்து, கறியைத் தொட்டாலே நார்நாராகப் பிரியும். எல்லாவற்றையும் கலந்து பரிமாறமாட்டார்கள். முட்டை தனித்தட்டு, கோதுமை தனித்தட்டு, கடலை தனித்தட்டு.

மதாம் இப்போது மின்சார அடுப்பில், 100 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துச் செய்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் மாடி முழுக்க அந்த வாசனைதான். சமைக்கக்கூடாது என்ற தடை இருந்திருக்காவிட்டால் பன்னிரண்டு பதினைந்து மணிநேரம் வேகும் இப்படி ஒரு உணவை யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இனிப்புகளிலும் இதே கதைதான்.

ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக்கு எண்ணெயில் பொரித்தது சாப்பிடவேண்டும், அதற்கு ஸ்ஃபென்ஜ். மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, வேறு ஒன்றும் இல்லை. பால் இல்லை, முட்டை இல்லை, மாவுக்குள் சர்க்கரைகூட இல்லை. கையில் ஒட்டும் அளவுக்குத் தண்ணியாகப் பிசைந்து, இரண்டு மூன்று மணிநேரம் பொங்கவிட்டு, கையை நனைத்துக்கொண்டு ஒரு உருண்டை கிள்ளி நடுவில் ஓட்டை போட்டு இழுத்து எண்ணெயில் விடவேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே வலைவலையாகக் காற்று. மேலே சர்க்கரையோ தேனோ. இது யூதர்களுக்கு மட்டுமானது ஒன்றும் இல்லை, மொராக்கோவில் காலையில் தெருமுனையில் முஸ்லிம் கடைக்காரர் பொரித்து, ஓலைக் கீற்றில் கோத்துக் கொடுப்பது இதேதான். அவர்களுக்கு அது காலைப் பலகாரம், இவர்களுக்குப் பண்டிகைப் பலகாரம்.

பாஸ்கா என்ற எட்டு நாள் யூதப் பண்டிகையின் இனிப்புகள்தான் உழைப்பிலும் அழகிலும் உச்சம். அந்த எட்டு நாளும் புளித்த மாவு எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது, சாப்பிடுவது இருக்கட்டும், ஒரு துணுக்குகூட அலமாரி இடுக்கில் கிடக்கக்கூடாது. மாவு போய்விட்டால் என்ன இருக்கிறது? பாதாம், வால்நட், பேரீச்சை, முட்டை, சர்க்கரை. பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் நீக்கி, அரைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுப்பூப் பன்னீரும் சேர்த்துப் பிசைந்த விழுதைப் பச்சை, ரோஸ் என்று நிறம் ஏற்றி, கொட்டை எடுத்த பேரீச்சைக்குள்ளும் இரண்டு பாதி வால்நட்டுக்கு நடுவிலும் திணித்து வைப்பார்கள். தெத்துவான் ஊர்ப்பக்க வீடுகளில் மருன்சீனோ என்று ஒன்று: பாதாம்பொடி, சர்க்கரை, முட்டை, எலுமிச்சைத்தோல் துருவல், உருட்டிச் சர்க்கரையில் புரட்டிச் சுடுவது, மேலே விரிசல் விட்டு உள்ளே மெத்தென்று இருக்கும். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் வந்து சேர்ந்த ஊர்களில் தெத்துவானும் ஒன்று, பாதாம் கைவேலை அவர்களோடு கடல் தாண்டி வந்தது. ஃபெஸ் நகரத்திலும் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 1438இலேயே அரண்மனையை ஒட்டி யூதர்களுக்கென்று தனிக் குடியிருப்பு உருவாகியிருந்தது, அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த பழைய யூதர்களின் பேச்சு அரபி, வந்தவர்களின் பேச்சு ஸ்பானியம். சர்க்கரைக்கும் பஞ்சமில்லை. 16ஆம் நூற்றாண்டில் மொராக்கோவை ஆண்ட ஸாதி மன்னர்கள் தெற்கே ஸூஸ் பகுதியிலும் ஷிஷாவா பக்கமும் கரும்பாலைகள் நடத்தி இங்கிலாந்துக்கெல்லாம் சர்க்கரை ஏற்றுமதி செய்தார்கள். இனிப்பில் கை தாராளமாக இருப்பதற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு.

சர்க்கரைப்பாகில் முழுசாக ஊறிய குட்டிக் கத்தரிக்காயை நீங்கள் சாப்பிட்டுப் பார்த்தே ஆகவேண்டும். காம்போடு, கிராம்பும் சுக்கும் போட்டு, மணிக்கணக்கில் மெல்லிய தீயில், கத்தரிக்காய் கறுத்துப் பளபளவென்று ஆகும்வரை. கத்தரிக்காய் இனிப்பா என்று முகம் சுளிப்பவர்களுக்கு மதாம் பதிலே சொல்லமாட்டார், ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைப்பார். முட்டை வெள்ளையையும் சர்க்கரைப்பாகையும் கை வலிக்கக் கிளறி வால்நட் போட்ட வெள்ளை நுகா ஒன்று இருக்கிறது, ஸபான். இரண்டையும் பண்டிகைக்கு முன்பே செய்து மூடிவைத்துவிடுவார்.

அப்புறம் மிமூனா. பாஸ்காவின் கடைசி நாள் இருட்டியதும் தொடங்கும் இரவு. எட்டு நாள் முடிந்தது, இனி மாவு சாப்பிடலாம், ஆனால் வீட்டில் ஒரு பிடி மாவு கிடையாது. எங்கிருந்து வரும்? பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து. மெக்னெஸில் மதாமின் சின்ன வயதில், இருட்டும் நேரத்துக்குத் தட்டு நிறைய மாவு, ஈஸ்ட், பால், வெண்ணெய், தேன், பச்சை மொச்சைக்காய், கோதுமைக் கதிர் எல்லாம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டார் வருவார்களாம். இவர்கள் அதே தட்டில் பாதாம் இனிப்புகளை நிரப்பித் திருப்பி அனுப்புவார்களாம். நகரம் நகரமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. இதில் என்னை அசைப்பது இதுதான்: ஒரு வீட்டின் பண்டிகை முடிந்து சாதாரண வாழ்க்கை திரும்பத் தொடங்குவதற்கு இன்னொரு மதத்துக் குடும்பம் வாசலுக்கு வரவேண்டியிருந்தது, வந்தார்கள், வருஷா வருஷம் வந்தார்கள். அந்த நாட்டில் யூதர்களுக்குக் கெட்ட காலங்களும் இருந்தன, அதை யாரும் மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் இந்தத் தட்டு உண்மை.

அன்றிரவு எந்த வீட்டின் கதவும் மூடியிருக்காது. அழைப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் நுழையலாம், தெர்ப்ஹு உத்ஸஆது என்று வாழ்த்துவார்கள், செழித்து நல்லபடியாக இருங்கள் என்று. மேசையில் மாவு நிறைந்த கிண்ணம், அதில் காசும் மொச்சைக்காயும் செருகியிருக்கும், பக்கத்தில் முழு மீன், புதினா, பால், தேன், பேரீச்சை, கத்தரிக்காய்ப் பாகு, ஸபான். கறி மட்டும் இருக்காது. ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வெண்ணெய் வேண்டும். வருஷம் முழுக்கக் கறிச்சட்டிக்கு வெளியே நிறுத்தப்பட்ட வெண்ணெய்க்கு இந்த மேசைதான் ராஜ்ஜியம்.

1940களின் முடிவில் மொராக்கோவில் சுமார் இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். 1948க்கும் 1967க்கும் நடுவில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள், இஸ்ரேலுக்கு, பிரான்சுக்கு, பிரெஞ்சு பேசுவதால் மாண்ட்ரியலுக்கு. இப்போது அங்கே இருப்பது சில ஆயிரம் பேர், அதிலும் பெரும்பாலோர் காஸாபிளாங்காவில். 1997இல் அங்கே யூத அருங்காட்சியகம் திறந்தார்கள், 2011 அரசியல் சாசனம் ஹீப்ரு மரபையும் நாட்டின் அடையாளத்தில் ஒன்றாகச் சொல்கிறது. நல்ல விஷயங்கள்தான், வரவேற்கிறேன். ஆனால் மாவுத்தட்டு எடுத்துக்கொண்டு போக ஒரு வீடு வேண்டுமே. இஸ்ரேலில் மிமூனா நாடு தழுவிய கொண்டாட்டமாக வளர்ந்துவிட்டது, பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகக் கூடுகிறார்கள், அரசியல்வாதிகள் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே மாவு கடையிலிருந்து வருகிறது.

எங்கள் மாடியில் மதாம் வீட்டுக்கு மாவு நான் கொண்டுபோகிறேன். அவராக ஒருமுறை கேட்டார், எதிர்வீட்டில் யூதரல்லாதவள் நீதானே, இருட்டினதும் நீ கொண்டுவா என்று. மைதா இரண்டு கிலோ, ஈஸ்ட், வெண்ணெய், தேன். கறிக்கடை அக்காவும் தெரிந்துகொண்டு இப்போது மொச்சைக்காயும் புதினாவும் கொடுத்தனுப்புகிறார்.

போனதும் முஃப்லெத்தா எனப்படும் மெல்லிய ரொட்டி வேலை ஆரம்பிக்கும். ஒரு கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர் அறுநூறு மில்லியிலிருந்து தொடங்கி, மாவு கேட்கக் கேட்க ஊற்றி, தொட்டால் அமுங்கும் பதத்துக்கு. கிள்ளிய உருண்டைகளை எண்ணெயில் குளிப்பாட்டி அரைமணி நேரம் விட்டுவிடவேண்டும். பிறகு எண்ணெய் தடவிய மேடையில் விரல்களாலேயே தள்ளித் தள்ளி, கீழே மேடை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்க வேண்டும். பரோட்டாவுக்கு மாவு விரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை, நான் விரிப்பதைப் பார்த்து மதாமின் அக்கா தங்கைகள் இவள் எந்த ஊர் என்று கேட்டார்கள். முதல் முஃப்லெத்தாவை வாணலியில் இரண்டு பக்கமும் சுட்டுவிட்டு, எடுக்காமல், அதன் மேலேயே அடுத்த பச்சை மாவைப் போட்டு, மொத்தமாகத் திருப்பவேண்டும். பச்சைப்பக்கம் வாணலியைத் தொடும், வேகும். அதன்மேல் இன்னொன்று, மறுபடி திருப்பு. இப்படிப் பதினைந்து இருபது அடுக்கு ஏறும். கீழே வேகும்போது வரும் ஆவி மேலே இருப்பதையெல்லாம் மெத்தென்று வைத்திருக்கும், ஒன்றுகூட விறைக்காது. இதனால்தான் கடைகளில் விற்கும் உறைந்த முஃப்லெத்தாவை நான் வாங்குவதில்லை. தனித்தனியாகச் சுட்டு அடைத்தது அது, சூடு செய்தால் ஓரம் அட்டையாகிவிடுகிறது. அடுக்கிலிருந்து சூடாக ஒன்றை உரித்தெடுத்து, வெண்ணெய் தடவி, தேன் ஊற்றி, சுருட்டி, நின்றுகொண்டே சாப்பிடுங்கள். உட்கார்ந்தால் அடுத்து வருபவருக்கு நாற்காலி இருக்காது.